‘நம்ம ஆளா?’: அமெரிக்கப் பொதுவாழ்வில் பல்லின மரபினர்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் இன்று நினைவுகூரும் தோழர் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருவார். முடிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு நானும் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். அது என் கேள்வி இல்லை. 2024 ஆகஸ்டில் ஒரு பயிலரங்கம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி என்னிடம் கேட்டது: “அக்கா, கமலா ஹாரிஸ் நம்ம ஆளா, அவங்க ஆளா?”

‘நம்ம ஆளா?’ என்ற சொல் தமிழ்நாட்டில் எதற்குப் பயன்படுகிறது என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியைப் பற்றி விசாரிக்கும்போதும் வருகிற சொல் அது. சாதியைக் கேட்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல் சாதியைக் கேட்கும் வழி. அந்தப் பெண் அமெரிக்கத் துணை அதிபரைப் பற்றி அப்படிக் கேட்டபோது முதலில் சிரித்துவிட்டேன். பிறகு தூக்கம் வரவில்லை. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் விவகாரம். நாம் ‘கலப்பு மணம்’ என்று சொல்வதை விட்டு ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்று சொல்லத் தொடங்கினோம். கலப்பு என்றால் அதற்கு முன் தூய்மையான இரண்டு பொருள்கள் இருந்தன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பிறந்தவர்களை ‘முலாட்டோ’ என்று அரசுப் பதிவேடுகளே எழுதின. கோவேறு கழுதையைக் குறிக்கும் ஸ்பானிய, போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். ஆகவே நான் ‘கலப்பினம்’ என்று சொல்லப் போவதில்லை. பல்லின மரபினர் என்றே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இனங்கள் கலந்தது நேற்று இன்று இல்லை. குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்தே கலந்தன. பிறந்த பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையின் முதல் சட்டம் 1662இல் வர்ஜீனியாவில் வந்தது. இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளைக்குத் தந்தையின் நிலை. வர்ஜீனியா அதைத் தலைகீழாக்கியது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. அடிமைப் பெண்ணை எஜமானன் வன்புணர்ந்தால் குற்றம் இல்லை. பிள்ளை பிறந்தால் அவன் சொத்தில் ஒன்று கூடும். சொத்துக்காக ஒரு சமூகம் தன் தந்தைவழி மரபையே கைவிட்டது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு குடும்பம் போதும். ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்ற கருத்தைச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் பண்ணையில் சாலி ஹெமிங்ஸ் என்ற பெண் அடிமையாக இருந்தார். சாலி, ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்கு வேறு தாய்க்குப் பிறந்த சகோதரி. இருவருக்கும் தந்தை ஒருவர்தான். சாலியின் பிள்ளைகளில் நால்வர் பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களின் மூதாதையரில் எட்டில் ஏழு பங்கு ஐரோப்பியர். வர்ஜீனியாவின் அன்றைய சட்டப்படியே அவர்கள் வெள்ளையர்கள். ஆனாலும் தாய் அடிமையானதால் அவர்களும் அடிமைகள்.

விடுதலையான பிறகு அந்த நால்வர் என்ன ஆனார்கள்? பெவர்லியும் ஹாரியட்டும் வெள்ளையர் கூட்டத்தில் கலந்து மறைந்தார்கள். எஸ்டன் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, பெயரை ஜெஃபர்சன் என்று மாற்றிக்கொண்டு வெள்ளையராக வாழ்ந்தார். மேடிசன் மட்டும் ஒஹையோவில் கறுப்பராகவே வாழ்ந்து, தன் தந்தை யார் என்பதை 1873இல் ஒரு பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சரித்திர ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேல் நம்ப மறுத்தார்கள். 1998இல் மரபணுச் சோதனை வந்த பிறகுதான் பெரும்பாலோர் ஏற்றார்கள்.

வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ்வதை ஆங்கிலத்தில் ‘பாஸிங்’ என்பார்கள். கறுப்பர்களிடையே அதைத் துரோகம் என்றவர்களும் உண்டு, பிழைக்கும் வழி என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலை தெரிய வேண்டும். அம்மாவைப் பார்க்க வர முடியாது. பிள்ளை பிறக்கும்போது என்ன நிறத்தில் பிறக்குமோ என்று பயம். ஊர் மாறினாலும் அந்தப் பயம் கூடவே வரும்.

அடுத்து ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. பெயர் ஹோமர் பிளெஸ்ஸி, நியூ ஆர்லியன்ஸ்காரர். எட்டில் ஒரு பங்கு கறுப்பர் மரபு. பார்த்தால் வெள்ளையர். ரயில் பெட்டிகளில் இனப் பிரிவினையைக் கட்டாயமாக்கிய லூசியானா சட்டத்தை எதிர்க்க அந்நகரின் கறுப்பர்களும் பல்லின மரபினரும் ஒரு குழு அமைத்தார்கள். 1892 ஜூன் 7 அன்று பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். திட்டமிட்டபடி கைதானார். சட்டத்தின் அபத்தத்தைக் காட்டுவதற்காக அவரைப் போன்ற ஒருவரையே குழு தேர்ந்தெடுத்திருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை நடத்துநர் எப்படிப் பிரிப்பார்?

வழக்கில் அவருடைய வழக்கறிஞர் வைத்த வாதங்களில் ஒன்று முக்கியமானது: வெள்ளையர் என்று அறியப்படுவதே இந்நாட்டில் ஒரு சொத்து, அதை விசாரணையின்றி ஒருவரிடமிருந்து பறிக்க முடியாது. நீதிமன்றத்தின் மனசாட்சியைத் தொட முடியாதபோது, அதன் சொத்துணர்வையாவது தொட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. 1896இல் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ‘பிரிவினை இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்’ என்றது. அந்தக் கோட்பாட்டைப் பள்ளிக்கூடங்களில் உடைக்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில்.

இதன் பிறகு கோடு இன்னும் இறுகியது. ஒரு துளிக் கறுப்பு இரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்பது பல மாநிலங்களில் சட்டமானது. 1924இல் வர்ஜீனியா இயற்றிய இனத்தூய்மைச் சட்டம் அதன் உச்சம். வெள்ளையர், வெள்ளையரை மட்டுமே மணக்கலாம். வெள்ளையர் என்றால் வேறு எந்த இரத்தமும் கலக்காதவர். ஒரே ஒரு விதிவிலக்கு: பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோ பூர்வகுடி மரபு இருந்தால் பரவாயில்லை. ஏன்? வர்ஜீனியாவின் பெரிய குடும்பங்கள் பல, பூர்வகுடி இளவரசி போகஹோன்டஸின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசின. அவர்கள் வெளியே போய்விடக் கூடாதல்லவா! தூய்மைச் சட்டத்தை எழுதியவர்கள் தங்கள் கலப்புக்கு மட்டும் ஒரு சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். அதே சமயம் மாநிலப் பதிவாளர் வால்டர் பிளெக்கர், வர்ஜீனியாவில் உண்மையான பூர்வகுடிகளே இல்லை, எல்லோரும் கறுப்பரோடு கலந்தவர்கள் என்று சொல்லி, அவர்களுடைய ஆவணங்களில் ‘நிறத்தவர்’ என்று எழுத வைத்தார். ஒரு குமாஸ்தாவின் பேனா ஓர் இனக்குழுவையே காகிதத்திலிருந்து நீக்கியது. இன்றும் அந்தப் பழங்குடிகள் தங்கள் முன்னோரைச் சான்றிதழ்களில் தேட முடியாமல் தடுமாறுவது அதனால்தான்.

இந்தச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் அகமணமுறை என்றார். பெண்ணை வேலிக்குள் வைக்காமல் சாதி நிற்க முடியாது என்று விளக்கினார். அவர் அண்ணல் அம்பேத்கர். இந்தியாவைப் பற்றி அவர் சொன்னதை அவர் படித்த நாடே சட்டமாக எழுதிக்கொண்டிருந்தது.

இதே காலத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் அங்கே நீதிமன்றம் ஏறினார். பகத் சிங் திண்ட், பஞ்சாபிலிருந்து போனவர். குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க மரபினருக்கும் மட்டுமே குடியுரிமை என்றிருந்த காலத்தில், தான் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டார். அமெரிக்கர் ஒருவர் திருமண விஷயத்தில் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படியே உயர்சாதி இந்து இந்தியாவின் ஆதிகுடிகளைப் பார்க்கிறார் என்றுகூட அவர் தரப்பு எழுதிக் கொடுத்தது. நாங்களும் உங்களைப் போல ஒதுக்குகிறவர்கள்தான், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த மனுவின் பொருள். 1923இல் நீதிமன்றம் முடியாது என்றது. சாதி அங்கே சாமானோடு சாமானாகக் கப்பலேறிப் போனதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தூய்மைச் சட்டம் உடைந்த கதை பலருக்குத் தெரியும். மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண், பூர்வகுடி மரபும் உள்ளவர். ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக் கட்டட வேலைக்காரர். 1958இல் வாஷிங்டன் போய்த் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரங்களில் நள்ளிரவில் போலீஸ் படுக்கையறைக்குள் நுழைந்து கைது செய்தது. ஓராண்டுச் சிறை, இருவரும் சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் சிறை வேண்டாம் என்றது நீதிமன்றம். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தை ரத்து செய்தபோது பதினாறு மாநிலங்களில் இதே போன்ற தடை இருந்தது. செல்லாமல் போன அந்தத் தடையை அலபாமா தன் மாநில அரசியலமைப்பிலிருந்து 2000இல்தான் நீக்கியது. அங்கே படுக்கையறைக்குள் போலீஸ் வந்தது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் அரிவாள் வந்தது. மாமூல் ஒன்றுதான்.

இனி கணக்கெடுப்புக்கு வருகிறேன். செயல்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது.

1960 வரை அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒருவரின் இனத்தைப் பெரும்பாலும் வாசலில் நின்ற கணக்கெடுப்பாளரே பார்த்து எழுதினார். 1890இல் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்றெல்லாம் கறுப்பு இரத்தத்தைப் பிரித்து எழுதச் சொன்னார்கள். 1930இல் முலாட்டோ பிரிவே போய், எவ்வளவு குறைவாக இருந்தாலும் கறுப்பர் என்று எழுதும்படி உத்தரவு. 1920 முதல் 1940 வரை இந்தியர்களை ‘இந்து’ என்ற இனமாக எழுதினார்கள். அங்கிருந்த பஞ்சாபியரில் பெரும்பாலோர் சீக்கியர்!

குடிமை உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு இதே கணக்கின் வேலை மாறியது. ஒதுக்குவதற்குப் பயன்பட்ட எண்ணிக்கை, ஒதுக்கப்பட்டதை நிரூபிக்கப் பயன்பட்டது. 1965 வாக்குரிமைச் சட்டத்தின்படி தொகுதிகளைப் பிரிப்பதில் அநீதி நடந்ததா, வேலையில் பாகுபாடு உண்டா என்று கேட்க எண்ணிக்கை வேண்டும். இந்த நிலையில், 1990களில் பல்லினக் குழந்தைகளின் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், ஒரு கோரிக்கை வைத்தார்கள். பள்ளிப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில்தான் குறியிட முடிகிறது. என் பிள்ளை தாயையோ தந்தையையோ மறுக்க வேண்டியிருக்கிறது. ‘பல்லினத்தவர்’ என்று தனிக்கட்டம் வேண்டும். நியாயமான வலி. ஆனால் கறுப்பர் அமைப்புகள் பல பயந்தன. ஒரு துளி விதியால் ஒரே கூரையின் கீழ் தள்ளப்பட்டவர்கள் அந்தக் கூரையையே போராட்டக் களமாக்கியிருந்தார்கள். தனிக்கட்டம் வந்தால் எண்ணிக்கை சிதறும். இன ஒதுக்கீட்டு நடவடிக்கைகளை எதிர்த்த குடியரசுக் கட்சித் தலைவர் நியூட் கிங்ரிச் இக்கோரிக்கையை ஆதரித்தது அந்தப் பயத்தைக் கூட்டியது.

1997இல் அரசு முடிவெடுத்தது. தனிக்கட்டம் கிடையாது, ஆனால் எத்தனை கட்டத்தில் வேண்டுமானாலும் குறியிடலாம். 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்புக்கு முன் இன்னொரு வழிகாட்டுதல் வந்தது: உரிமைச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கணக்கில், வெள்ளையர் என்றும் வேறொரு சிறுபான்மை இனம் என்றும் சேர்த்துக் குறித்தவரை அந்தச் சிறுபான்மைப் பக்கத்தில் எண்ண வேண்டும். இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. நீ யார் என்று சொல்லும் உரிமை உனக்கு. உன்மீது இழைக்கப்படும் பாகுபாட்டை எண்ணும் பொறுப்பு அரசுக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் பிரித்து வைத்தார்கள்.

2000இல் ஒன்றுக்கு மேல் குறித்தவர்கள் 68 லட்சம். 2010இல் 90 லட்சம். 2020இல் 3 கோடியே 38 லட்சம், அதாவது 10.2 சதவீதம். இதைப் பார்த்து ‘இனமே கரைந்துவிட்டது’ என்று எழுதியவர்கள் உண்டு. பத்தாண்டில் இவ்வளவு பேர் பிறக்கவில்லை, தோழர்களே. 2020 படிவத்தில் ‘உங்கள் பூர்வீகம் எது’ என்று எழுத இடம் விட்டார்கள். எழுதியதைக் குறியீடாக மாற்றும் முறையும் மாறியது. லத்தீன் அமெரிக்கப் பின்னணியைச் சேர்த்து எழுதிய லட்சக்கணக்கானோர் அதனால் இந்தக் கணக்கில் வந்தார்கள். எண்ணைப் பார்த்தால் அந்த எண்ணை உண்டாக்கிய கேள்வியையும் பார்க்க வேண்டும். சமூகவியல் வகுப்பில் நான் கற்ற உருப்படியான பாடம் இதுதான்.

இப்போது பிரதிநிதித்துவம். கான்சாஸ் மாநிலத்து வெள்ளைத் தாய்க்கும் கென்யத் தந்தைக்கும் பிறந்த பராக் ஒபாமா, அதிபராக இருந்தபோது 2010 கணக்கெடுப்பில் பல கட்டங்களில் குறித்திருக்கலாம். ‘கறுப்பர்’ என்ற ஒன்றில் மட்டும் குறித்தார். பல்லின அமைப்புகளில் சிலர் வருந்தினார்கள். தாயை மறுத்ததாக நான் நினைக்கவில்லை. தெருவில் தன்னை நிறுத்தும் போலீஸ்காரன் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறான் என்பதை அறிந்தவரின் குறி அது. ஆனால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அதே ஒபாமா அதிபராக இருந்தபோதுதான், 2013இல், வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான முன்அனுமதி ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று முடக்கியது. நாற்காலியில் நம்மவர் அமர்ந்திருந்தார். நாற்காலிக்கு வழிவிட்ட சட்டம் பறிபோனது. முகம் கிடைத்த மகிழ்ச்சியில் சட்டத்தைக் காவல் காக்க மறந்துவிடக் கூடாது.

கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன், சென்னையில் பிறந்து பெர்க்லிக்குப் படிக்கப் போன தமிழ்ப் பிராமணப் பெண். தந்தை டொனால்ட் ஹாரிஸ், ஜமைக்காவிலிருந்து வந்த பொருளாதார அறிஞர். பெர்க்லியின் கறுப்பின மாணவர் வட்டத்தில் சந்தித்து, 1963இல் மணந்தார்கள். தன் பெண்களை இந்த நாடு கறுப்பர்களாகவே பார்க்கும் என்று அறிந்து தாய் அப்படியே வளர்த்தார் என்று கமலா எழுதியிருக்கிறார். அவர் படிக்கத் தேர்ந்தெடுத்தது கறுப்பர்களின் ஹோவர்ட் பல்கலைக்கழகம். 2020இல் வேட்புமனுவை ஏற்றுப் பேசியபோது ‘சித்தி’ என்ற தமிழ்ச் சொல்லைச் சொன்னார். இரண்டும் அவருடையவை.

2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன் டொனால்ட் டிரம்ப், இந்தியராக இருந்தவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்ற பொருளில் பேசினார். பிளெக்கரின் பேனா மறுபடி வந்துவிட்டது. ஒருவர் இரண்டாக இருக்க முடியாது, எது என்பதை நான் சொல்கிறேன் என்ற அதே அதிகாரம்.

நம் பக்கம் என்ன நடந்தது? திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாத்தாவின் பூர்வீக ஊரில், கோலம் போட்டார்கள், பதாகை வைத்தார்கள், கோயிலில் பூஜை செய்தார்கள். ஊர் மக்களின் மகிழ்ச்சியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நான் செய்திகளில் பார்த்த பதாகைகள் எதிலும் தந்தை இல்லை. அடிமைகளை உழைக்கவைத்த ஜமைக்காவும் இல்லை. டிரம்ப் இந்தியப் பாதியைக் காட்டிக் கறுப்புப் பாதியைச் சந்தேகித்தார். நாம் கறுப்புப் பாதியைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டு ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்றோம். ஒரு பிராமணப் பெண் ஒரு கறுப்பரை மணந்ததை மனு எந்தப் பெயரில் எழுதுவார் என்று நமக்குத் தெரியும். வெற்றி வரும்போது வர்ணசங்கரம் மன்னிக்கப்படுகிறது. தோற்றுப்போகும் பிள்ளைகளுக்கு யார் கோலம் போடுவார்கள்?

ஒருவரைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். வால்டர் ஒயிட். நீலக் கண், பொன்னிற முடி. வெள்ளையராகவே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் கறுப்பர் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் சேர்ந்து, கறுப்பர்களை அடித்தும் எரித்தும் கொன்ற ஊர்களுக்குத் தன் தோற்றத்தோடு போனார். கொன்றவர்கள் தங்களில் ஒருவர் என்று நினைத்து நடந்ததைச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார். 1919இல் அர்கன்சாஸில் அடையாளம் தெரிந்துவிட, ரயிலேறித் தப்பினார். எஸ்டன் கடந்துபோனதும் வால்டர் கடந்துபோனதும் ஒரே கோட்டைத்தான். ஒருவர் திரும்பவில்லை, மற்றவர் செய்தியோடு திரும்பினார்.

அந்த மாணவிக்கு வருகிறேன். அன்று டீ தீர்ந்த பிறகும் அவள் போகவில்லை. அம்மா நம் மக்கள், அப்பா வேறு சாதி. வளர்ந்தது அம்மாச்சி வீட்டில், காலனியில். சான்றிதழில் அப்பாவின் சாதியைப் போட்டார்கள், பிள்ளையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. விடுதியில் ‘நம்ம ஆளா?’ என்று கேட்டால் ஒரு பதில், ஊரில் கேட்டால் இன்னொரு பதில். கமலாவைக் கேட்ட சாக்கில் அவள் தன்னைக் கேட்டிருக்கிறாள்.

2012இல் நம் உச்ச நீதிமன்றம், இப்படிப் பிறந்த பிள்ளை தந்தையின் சாதி என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்துவிடக் கூடாது, தாயின் பட்டியல் சமூகத்தில் வளர்ந்து அதே இழிவுகளை அனுபவித்ததை நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது. அதை அவளிடம் சொன்னேன். சட்டம் அவ்வளவுதான் செய்யும். மிச்சத்தை நாம் செய்ய வேண்டும். நம் கூட்டங்களுக்கு வரும் சாதி மறுப்புத் திருமணப் பிள்ளைகளை நாமே ‘முழுசா நம்ம ஆளா, பாதியா’ என்று அளந்து பார்க்கிறோம். எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். துளி அளந்தவன் பிளெக்கர். அந்த வேலை நமக்கு வேண்டாம்.

அவள் இன்று இந்த அரங்கில் இருக்கிறாள். எங்கே என்று காட்ட மாட்டேன். தேடாதீர்கள். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எந்த ஊர், யாரு வீடு என்று தொடங்காமல், என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள்.